எரிச்சலே இல்லை, மாத்திரை எதற்கு?

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. சிறுநீர் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும்) பரிசோதனையில் ஈ.கோலை கிருமி ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் இருப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை. டாக்டர் 7 நாளுக்கு செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். "பிள்ளையைச் சுமக்கும்போது இந்த மாத்திரையெல்லாம் ஆகாது, பார்லி தண்ணீர் குடி" என்கிறார் மாமியார். மாத்திரையைத் தவிர்க்கலாமா?

பதில்: தவிர்க்க வேண்டாம். இன்றே தொடங்கிவிடுங்கள். பென்சிலின் வகை மருந்து எதுவும் முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் மட்டும், முதலில் உங்கள் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு இதே ரிப்போர்ட் வந்து, தொந்தரவு ஏதும் இல்லையென்றால் பெரும்பாலும் நாங்கள் மருந்தே தருவதில்லை. கர்ப்பிணிக்கு அப்படி விட முடியாது. புரோஜெஸ்டிரான் ஹார்மோன், சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. வளரும் கருப்பை அவற்றை அழுத்தவும் செய்கிறது; அது சற்று வலப்பக்கம் திரும்பியிருப்பதால் வலது குழாய்க்குத்தான் பாடு அதிகம். சிறுநீர் வடியாமல் தேங்க, பையில் சும்மா கிடந்த கிருமி மேலேறிச் சிறுநீரகத்தைத் தொட்டுவிடுகிறது. மருந்து கொடுக்காமல் விட்டால் சுமார் நான்கில் ஒருவருக்கு இப்படி ஆகலாம். அப்புறம் குளிர்காய்ச்சல், ஆஸ்பத்திரிப் படுக்கை, நரம்பு வழியே ஊசி மருந்து. குறைமாதப் பிரசவத்துக்கும் வாய்ப்பு கூடும்.

மாமியாரின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். கர்ப்பத்தில் ஆகாத ஆன்டிபயாடிக்குகள் உண்மையிலேயே உண்டு. டாக்ஸிசைக்ளின் தருவதில்லை, சிப்ரோஃப்ளாக்சசினையும் கூடியவரை தவிர்ப்போம். டிரைமெத்தோபிரிம் ஃபோலிக் அமிலத்தின் வேலையைக் கெடுப்பதால் முதல் மூன்று மாதத்தில் வேண்டாம். நைட்ரோஃபுரான்டாயினைப் பிரசவம் நெருங்கும்போது நிறுத்திவிடுவோம். மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதும், அக்கா சாப்பிட்டு மிச்சம் வைத்த மாத்திரைப் பட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வதும் அதனால்தான் எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயங்கள். செஃபலெக்சின் அந்தப் பட்டியலில் இல்லை. கர்ப்பிணிகளுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுத்துப் பழகிய மருந்து அது.

பார்லி தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள், மாமியாரும் சமாதானமாவார். ஆனால் அது கிருமியைக் கொல்லாது. எரிச்சலுக்குத் தரும் சிரப்பும் கொல்லாது.

நடுவில் நிறுத்தாமல் 7 நாளும் முடியுங்கள். முடிந்து ஓரிரு வாரத்தில் மறுபடி கல்ச்சர் கொடுக்க வேண்டும். கிருமி போய்விட்டதா என்பது அதில்தான் தெரியும். பலர் இதைச் செய்வதே இல்லை. மாதிரி எடுக்கும்போது நன்றாகக் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். உடனே லேபில் கொடுங்கள். வெகுநேரம் வெளியே இருந்தால் தவறான ரிப்போர்ட் வரும்.

கழிப்பறை சுத்தமில்லை என்று பயணத்திலும் அலுவலகத்திலும் அடக்கிக்கொண்டிருக்காதீர்கள். நம் பஸ் நிலையங்களைப் பார்த்தால் இதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அடக்காதீர்கள்.

நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகில் வலி, நிற்காத வாந்தி, வயிறு விட்டுவிட்டு இறுகுவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்க வேண்டாம். ராத்திரியானாலும் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள், கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு.