கேள்வி – பதில்: பேரிக்காய்த் தலை மன்னர்

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் தோமியே வரைந்த 'கார்கன்துவா' கார்ட்டூனுக்குச் சிறைத் தண்டனையே கொடுத்தார்களாமே! அப்படி என்ன இருக்கிறது அதில்? (வாசகர், திருச்சி)

பதில்: அரசாங்கத்தின் வரவையும் செலவையும் ஒரே உடம்பில் காட்டிவிட்டார், அதுதான் குற்றம். 1831 டிசம்பரில் பாரிஸில் வந்த படம். கார்கன்துவா என்பது பழைய பிரெஞ்சுக் கதையில் வரும் பெருந்தீனி அரக்கன். படத்தின் வலது ஓரத்திலிருந்து பாருங்கள். கந்தல் உடுத்திய ஏழைகள், கைக்குழந்தைக்காரி உட்பட, கூடைகளில் காசு போடுகிறார்கள். சுமையாட்கள் அந்தக் கூடைகளைத் தூக்கிக்கொண்டு, ஒரு நீளப் பலகையில் ஏறி, பிரான்ஸ் மன்னர் லூயி பிலிப்பின் வாயில் கொட்டுகிறார்கள். வழியில் சிந்துவதைப் பொறுக்கப் பலகைக்கு அடியில் சில கைகள். மன்னர் உட்கார்ந்திருப்பது மலநாற்காலி. அதன் கீழே விழுவது பதவி நியமனங்களும் பட்டங்களும். அள்ளிக்கொள்ள இடப்பக்கம் ஒரு கூட்டமே காத்திருக்கிறது. மன்னருக்கு ஆண்டுக்கு 1 கோடியே 80 லட்சம் பிராங்க் வேண்டும் என்ற பேச்சு அடிபட்ட காலம் அது (1832-ல் 1 கோடியே 20 லட்சம் என்று முடிவானது). அதனால் யாரும் விளக்கம் சொல்லாமலே மக்களுக்குப் புரிந்துவிட்டது. முகத்தை மட்டும் கோரமாக்கியிருந்தால் அன்றே மறந்திருப்பார்கள். பணம் போகும் பாதையை வரைந்ததுதான் சுட்டது.

கேள்வி: அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட படங்களை வேகமாக எப்படி அச்சிட்டார்கள்? (வாசகி, கோவை)

பதில்: கல்லச்சில். செம்புத்தகட்டில் ஒவ்வொரு கோட்டையும் செதுக்க வேண்டும்; சுண்ணாம்புக்கல்லில் நேரே வரைந்துவிடலாம். கல்லை மணலும் நீரும் விட்டுத் தேய்த்து, மெழுகு, கொழுப்பு, சோப்பு, புகைக்கரி சேர்ந்த குச்சியால் வரைவார்கள். அச்சில் இடவலம் மாறும் என்பதால் எழுத்தை இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல எழுத வேண்டும். பிறகு வேலம்பிசின் கரைசலில் சில துளி நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். அமிலம் கூடினால் மெல்லிய சாயல்கள் அரித்துப் போகும். குறைந்தால் வெற்றிடமும் மை பிடித்துப் படம் அழுக்காகும். வரையும்போது விரல் பட்டாலே போதும், அந்தக் கொழுப்பும் அச்சில் விழும். கடைசியில் கல்லை நனைத்து மை உருட்டினால், ஈரமான இடம் மையைத் தள்ளும், கொழுப்புக் கோடு வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு பிரதிக்கும் மறுபடி நனைத்து, மறுபடி மை.

கேள்வி: தண்டனைக்குப் பிறகு ஓய்ந்துவிட்டார்களா? (வாசகர், ஈரோடு)

பதில்: இல்லை. தோமியேக்கு 6 மாதச் சிறை, 500 பிராங்க் அபராதம். தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருந்தும் அவர் வரைவதை விடவில்லை. 1832 ஆகஸ்டில் பிடித்து உள்ளே போட்டார்கள். அவருடைய பத்திரிகை ஆசிரியர் ஃபிலிப்போன், மன்னர் முகம் நான்கே படிகளில் பேரிக்காயாவதை நீதிமன்றத்தில் வரைந்து காட்டி வாதாடியவர். அபராதங்களைக் கட்ட அவர் சந்தா திரட்டினார். சந்தாதாரர்களுக்கு மாதம் ஒரு பெரிய கல்லச்சுப் படம். நாடாளுமன்றத்தின் தொந்திகளை வரிசையாக உட்காரவைத்த தோமியேயின் புகழ்பெற்ற படம் 1834-ல் அப்படித்தான் வந்தது. 1835 செப்டம்பர் சட்டம் படங்களுக்கு முன்தணிக்கையைத் திரும்பக் கொண்டுவந்தது. பத்திரிகை எழுத்துக்கு அது கிடையாது, படத்துக்கு உண்டு!