ஊசிதான் தேய்கிறது, கார்ட்ரிட்ஜ் அல்ல

இசைத்தட்டு ஓட்டும் அப்பாவின் டர்ன்டேபிளில், ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜாக ஷூர் எம்44-7 இருக்கிறது. ஊசி உடைந்துவிட்டது. கம்பெனியே தயாரிப்பை நிறுத்திவிட்டதாமே, புது கார்ட்ரிட்ஜ்தான் வாங்கவேண்டுமா சார்?

வேண்டாம், தயவுசெய்து அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். கார்ட்ரிட்ஜின் உடலுக்குள் இருப்பது கம்பிச்சுருள்தான். தேய்வதற்கு அங்கே எதுவும் இல்லை. வைரம், அதைத் தாங்கும் மெல்லிய குழாய், ரப்பர், குட்டிக் காந்தம் எல்லாமே கையால் உருவி எடுக்கும் ஊசிப் பகுதியில் இருக்கின்றன. அதை மாற்றினால் அசைகிற பாகம் முழுக்கப் புதிது.

ஷூர் 2018இல் விலகியது உண்மை. ஆனால் ஜப்பானின் ஜிகோ நிறுவனம் இந்த மாடலுக்கு ஊசி செய்கிறது. பணம் கட்டும் முன் ஒரு சோதனை: ஊசியை எடுத்துவிட்டு, மின்தடை அளக்கும் மல்டிமீட்டரை கார்ட்ரிட்ஜின் வெள்ளை-நீல முனைகளில் வையுங்கள், அப்புறம் சிவப்பு-பச்சையில். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே ஓம் காட்டினால் சுருள்கள் நலம். ஒரு பக்கம் ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. அப்போது ஊசிக்குச் செலவு செய்யாதீர்கள். புது ஊசியை 1.5 முதல் 3 கிராம் அழுத்தத்துக்குள் ஓட்டுங்கள்.

சீல் பிரிக்காத 1970களின் ஒரிஜினல் ஊசி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

நானும் இந்த ஆசையில் விழுந்தவன். வேறொரு கார்ட்ரிட்ஜுக்காக நல்ல விலை கொடுத்து வாங்கினேன். பெட்டி புத்தம் புதிது, வைரமும் பளபளத்தது. தட்டில் வைத்தால் உரத்த இடங்களிலெல்லாம் குரல் கரகரத்தது. ரப்பர் இறுகிவிட்டிருந்தது. வைரத்துக்கு வயதாவதில்லை, ரப்பருக்கு ஆகிறது. சிலவற்றில் நேர்மாறாகத் தளர்ந்துபோய், கார்ட்ரிட்ஜின் வயிறே தட்டில் உரசும். ஓட்டிக் கேட்காமல் வாங்காதீர்கள். இன்று செய்த நல்ல மாற்று ஊசியே என் தேர்வு.

மாற்று ஊசிகளிலும் மட்டமானவை உண்டு. பூதக்கண்ணாடியில் முன்பக்கமாகப் பாருங்கள். வைரம் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜுக்கு ஊசி எங்கே கிடைக்கும்?

தனியாகக் கிடைக்காது. இது மூவிங் காயில் வகை. சுருளே ஊசிக் குழாயோடு சேர்ந்து அசைவதால் ஊசியைக் கழற்ற முடியாது. புது வைரம் பதித்துத் தரும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். 1960களில் ஜப்பானின் என்.எச்.கே. வானொலிக்காக உருவான இந்த மாடல் இன்றும் தயாரிப்பில் இருப்பதால், வைரம் பதிக்கும் கூலியையும் புது கார்ட்ரிட்ஜின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இதில் மட்டும் மல்டிமீட்டர் வைக்கவேண்டாம்.

எல்பி ஊசியிலேயே, நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் தாத்தாவின் பழைய தட்டுகளை ஓட்டலாமா?

கூடாது. ஸ்டீரியோ எல்பி ஊசி முனையின் ஆரம் சுமார் 18 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). 78இன் அகன்ற பள்ளத்துக்கு 65 முதல் 75 வேண்டும். சின்ன முனை பள்ளத்தின் அடியில் தடுமாறி இரைச்சலைத்தான் பொறுக்கி எடுக்கும்.

பழைய வால்வு பெட்டி பிளேயரில் ஊசி மாற்றியும் சத்தம் கீச்சென்று மெலிந்தே கேட்கிறது.

இங்கே பழுது உடலில்தான். அந்தக் காலத்துக் கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது ரோஷெல் உப்பு. வெயிலும் ஈரக்காற்றும் அதைக் கெடுத்துவிடும். கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். அதே அளவில் பொருந்தும் செராமிக் கார்ட்ரிட்ஜ் போடுங்கள். ஷூர் போன்ற காந்த வகையை அதில் மாட்டாதீர்கள். அது தருவது சில மில்லிவோல்ட்தான், அந்த ஆம்ப்ளிஃபயருக்கு அது போதாது.