பட்டா இருக்கிறது, பதிவும் ஆகும். தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

கேள்வி: வண்டலூர்–வாலாஜாபாத் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே 1,200 சதுர அடி மனை ஒன்று பார்த்திருக்கிறோம். பக்கத்தில் உள்ள அங்கீகார மனைகளின் விலையில் பாதிதான் சொல்கிறார்கள். பட்டா இருக்கிறது. வில்லங்கச் சான்றில் குறை இல்லை. பஞ்சாயத்து அப்ரூவல் ஆகிவிட்டது என்றும், டி.டி.சி.பி. அப்ரூவலுக்குப் போட்டிருக்கிறது என்றும் தரகர் சொல்கிறார். மனைக்குப் பின்னால் சிறிய ஓடை ஒன்று போகிறது. அதில் தண்ணீரே வராதாம். சித்திரையில் போய்ப் பார்த்தோம், வறண்டுதான் கிடந்தது. ஐம்பதாயிரம் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– தாம்பரத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. இப்போதைக்கு ஐம்பது ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மனை மோசமானது என்று நான் சொல்லவில்லை. அதைப் பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் தரகர் உங்களுக்குச் சொன்ன நான்கு சமாதானங்களில் எதுவும் உங்கள் கேள்விக்கான பதில் இல்லை. பட்டா வருவாய்த் துறையின் காகிதம். வில்லங்கச் சான்று பதிவுத் துறையின் காகிதம். மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது வேறு அலுவலகம். ஓடைக்குப் பொறுப்பான நீர்வளத் துறை இன்னொரு கட்டடத்தில் இருக்கிறது. ஒருவர் கோப்பை மற்றவர் திறந்து பார்ப்பதில்லை. முப்பது ஆண்டுகள் இந்தக் கோப்புகளோடு புழங்கியவன் என்பதால் சொல்கிறேன்: நான்கையும் சேர்த்துப் பார்க்கும் ஒரே ஆள், வாங்குகிறவர்தான்.

முதலில் இந்தப் 'பஞ்சாயத்து அப்ரூவல்'. மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதற்கு வெளியே என்றால் டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககம். அவர்களின் தொழில்நுட்ப ஒப்புதல் வந்த பிறகுதான் உள்ளாட்சி அமைப்பின் கையெழுத்துக்கு மதிப்பு. நீல வரைபடத்தில் தலைவரின் ரப்பர் முத்திரையைக் காட்டி எத்தனை ஆயிரம் மனைகளை விற்றிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் வயிறு எரிகிறது. 'அப்ரூவலுக்குப் போட்டிருக்கிறது' என்பது இன்னும் மோசம். விண்ணப்பம் யார் வேண்டுமானாலும் போடலாம். ஒப்புதல் எண்ணையும், அந்த எண் எழுதிய வரைபடத்தின் நகலையும் கேளுங்கள். அதில் உங்கள் மனை எண் இருக்கிறதா, அந்த இடம் மனையாகவே காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்து சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடு உண்டு. வரைபடத்தில் பூங்கா என்று பச்சை தீட்டியிருக்கும் அந்த இடத்தையே மூன்று மனையாகப் பிரித்து விற்ற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். வாங்கிய மூவரிடமும் பத்திரம் இருந்தது.

தரகர் அடுத்து ஒரு தேதி சொல்வார்: 20.10.2016. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஏமாற்று வேலையில் பாதி இந்தத் தேதிக்குள் ஒளிந்திருக்கிறது.

2016 செப்டம்பர் 9 அன்று அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த மாதம் 20ஆம் தேதி, பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. விளைநிலத்தை அனுமதியின்றி மனையாக்கினால் பதிவு செய்ய மறுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அதில் ஒரு விலக்கு உண்டு: அதே மனை ஏற்கெனவே மனையாகவே பதிவாகியிருந்தால் மறுபடியும் பதிவு செய்யலாம். அனுமதியில்லாத மனைகளைச் சட்டப்படி ஏற்றுக்கொள்வதற்காக 2017 மே மாதம் வந்த வரன்முறை விதிகளும் இந்தத் தேதியையே பிடித்துக்கொண்டன. அந்தத் தேதிக்குள் ஒரு மனையாவது கிரயப் பத்திரப்பதிவு ஆன மனைப்பிரிவுகளைக் கட்டணம் கட்டி வரன்முறைப்படுத்தலாம் என்றார்கள். கெடுவை எத்தனை முறை நீட்டித்தார்கள் என்பது தனிக் கதை.

ஆகவே உங்கள் மனைக்கு இந்த விலக்கு பொருந்துமா என்று தெரிய ஒரே வழி, பழைய பத்திரத்தின் கடைசிப் பக்கங்களில் உள்ள 'சொத்து விவர'த்தைப் படிப்பது. 'மனை எண் 14, 1,200 சதுர அடி, கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி' என்று எழுதியிருந்தால் அது மனையாகப் பதிவானது. 'புஞ்சை, இரண்டே முக்கால் சென்ட்' என்று எழுதியிருந்தால் அளவு ஏறக்குறைய அதேதான்; ஆனால் பதிவானது விளைநிலம். இரண்டும் ஒன்றல்ல. பழைய பத்திரத்தில் 2,400 சதுர அடியாக இருந்ததை இப்போது இரண்டாக வெட்டி உங்களுக்குப் பாதியைத் தருகிறார்கள் என்றாலும் 'அதே மனை' என்று சொல்ல முடியாது. தேதிக்கு முன் போட்டதாக இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தத்தைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவாகாத ஒப்பந்தம் இங்கே செல்லாது.

எல்லாம் சரியாக இருந்து பதிவும் ஆகிறது என்றே வைத்துக்கொள்வோம். பதிவு ஆவதும் வீடு கட்ட அனுமதி கிடைப்பதும் வேறு வேறு. வரன்முறை ஆணை இல்லாத மனைக்குக் கட்டட அனுமதி கேட்டால் திருப்பி அனுப்புவார்கள். வங்கியும் கடன் தராது. 'ரிஜிஸ்ட்ரார் ஆபீஸிலேயே ஏற்றுக்கொண்டார்களே' என்று அழுதுகொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அரசின் ஒரு கை கட்டணம் வாங்கிக்கொண்டு பதிவு செய்கிறது, இன்னொரு கை கட்டாதே என்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்து 2022இல் அறிவித்தார்கள். விரிக்கிறவர்கள் முதலில் இந்த இரண்டு கைகளையும் அறிமுகம் செய்து வைத்திருக்கலாம்.

இப்போது ஓடைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி அதுதான்.

சித்திரையில் எந்த ஓடையில் தண்ணீர் வரும்? செங்கல்பட்டு ஏரிகளின் மாவட்டம். இந்த ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல, ஒரு சங்கிலி. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரிநீர் வழிந்து கால்வாயில் ஓடிக் கீழ் ஏரிக்குப் போகும். வருடத்தில் பத்து மாதம் ஆடு மேயும் அந்தக் கால்வாய், மீதி இரண்டு மாதத்துக்காகத்தான் வெட்டப்பட்டது. நீங்கள் சொல்லும் சுற்றுவட்டாரம் அடையாற்றின் தலைப்பகுதி. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர் முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகத்தான் இறங்குகிறது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியபோது அந்தப் பகுதிகளில் படகு விட்டார்கள். தாம்பரத்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்று மூழ்கிய வீடுகளில் பட்டா உள்ளவையும் அப்ரூவல் உள்ளவையும் நிறைய.

அதனால் தாலுகா இணைய சேவையில் உங்கள் சர்வே எண்ணை மட்டும் போட்டுப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். தரகர் கொடுப்பது அந்த ஒரு எண்ணைத்தான். அதற்கு நான்கு பக்கமும் உள்ள சர்வே எண்களுக்கு 'அ' பதிவேட்டு விவரம் எடுங்கள்; ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று வருவாய்த் துறை எழுதி வைத்திருக்கும் பதிவேடு அது. ஏரி, ஓடை, வாய்க்கால், குட்டை என்று புறம்போக்கு வகை எழுதியிருக்கும். பிறகு எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படத்தை எடுங்கள். ஓடையின் அகலம் அதில் தெரியும். களத்தில் உங்கள் கண்ணுக்கு ஆறடிச் சாக்கடையாகத் தெரிவது படத்தில் முப்பதடி அகலமாக இருந்தால், மீதி இருபத்து நான்கு அடி யாருடைய மனைக்குள் போயிருக்கிறது என்று யோசியுங்கள். நீர்நிலைக்குள் வரும் மனைக்கு வரன்முறை கிடையாது. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி அதை அகற்றலாம்.

இன்னொன்று, 'ஏரி உள்வாய்'. கரைக்கு உட்புறம், தண்ணீர் ஏறி நிற்கும் இடத்திலேயே பழைய பட்டா நிலங்கள் உண்டு. ஏரி வற்றியதும் பயிர் வைக்கக் கொடுத்தவை அவை. 1980களில் யு.டி.ஆர். எனப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகளைத் திருத்தி எழுதியபோது நடந்த குளறுபடிகளும் சேர்ந்துகொண்டன. ஆகவே தாலுகா அலுவலகத்தில் யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். நாளைக்கு வா என்பார்கள். போய்க்கொண்டே இருங்கள். மனைப்பிரிவின் பெயரிலேயே 'லேக் வியூ' என்று போட்டிருந்தால், அந்த ஒரு விஷயத்திலாவது உண்மை பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, மனையில் போய் நில்லுங்கள், தரகர் இல்லாமல். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் இடுப்பு உயரத்தில் பழுப்புக் கோடு இருக்கிறதா? கோரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வளர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் தங்குகிறது. அந்தச் செடிகளுக்குத் தரகு கிடையாது, பொய் சொல்லாது. ஏரியின் கலங்கல் எங்கே என்று ஆடு மேய்க்கிறவர்களிடம் கேளுங்கள். கலங்கலிலிருந்து இறங்கும் நேர்கோட்டில் மனை இருந்தால், எந்த அப்ரூவல் இருந்தாலும் வேண்டாம்.

'நாலு லோடு மண் அடித்து உயர்த்திக்கொள்ளலாம்' என்று தரகர் சொல்வார். நாலு லோடு போதாது, அதை விடுங்கள். நீங்கள் மூன்றடி உயர்த்தினால் தண்ணீர் எதிர் வீட்டுக்குப் போகும். அவர் நான்கடி உயர்த்துவார். பிறகு மாநகராட்சி சாலையை உயர்த்தும். வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் இந்தப் பந்தயத்தில் கடைசியாக வந்தவர்கள் வீட்டுக்குள் இரண்டு படி இறங்கிப் போகிறார்கள். ஒருவரும் சட்டத்தை மீறவில்லை. தண்ணீர் போவதற்கு மட்டும் இடமில்லை.

தரகரிடம் சண்டை போட வேண்டாம். தாய்ப்பத்திரம், ஒப்புதல் எண், புலப்படம் மூன்றின் நகலையும் கேளுங்கள்; வக்கீலிடம் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். 'நாளைக்கே வேறு பார்ட்டி வருகிறது' என்பார். வரட்டும். காகிதங்கள் வந்தாலும் ஐப்பசி வரை பொறுங்கள். இரண்டு நாள் விடாமல் பெய்த மழைக்கு மறுநாள் காலையில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த ஓடையைப் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.