ஒரு கேமரா, இரண்டு பேர், ஒரு மேசை: கேள்வி பதில்

ஒரே கேமராவில் குறும்படம் எடுப்பவர்கள் உரையாடல் காட்சிகளைப் பற்றிக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: டீக்கடையில் இரண்டு பேர் பேசும் காட்சி. எந்த வரிசையில் எடுப்பது?

பதில்: இருவரும் தெரிகிற மாஸ்டர் ஷாட்டை முழுக் காட்சிக்கும் முதலில் எடுங்கள். எந்த வார்த்தையில், எந்தக் கையால் டம்ளரைத் தூக்கினார் என்று ஒருவர் எழுதிக்கொண்டே வரட்டும். அப்புறம் ஒருவர் பக்கம் மட்டும். அவருடைய சஜஷன் (எதிரே இருப்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கும் ஷாட்), குளோசப் எல்லாம் முடிந்த பிறகுதான் கேமராவைத் திருப்ப வேண்டும். திருப்பினால் லைட்டும் மாறும், நேரம் போய்விடும்.

ஒவ்வொரு ஷாட்டையும் ஒரு வசனம் முன்பே தொடங்கி, ஒரு வசனம் தாண்டி முடியுங்கள். டம்ளரைத் தூக்கும் அசைவு மாஸ்டரிலும் குளோசப்பிலும் முழுதாக இருந்தால்தான் எடிட்டர் அந்த அசைவிலேயே வெட்ட முடியும். குளோசப்பின்போது எதிர் நடிகர் கேமராவை ஒட்டி உட்கார்ந்து தன் வசனத்தைப் பேச வேண்டும். வேறு யாராவது தாளைப் பார்த்து வாசித்தால் நடிப்பவரின் கண்ணிலேயே அது தெரிந்துவிடும். அழுகைக் காட்சி என்றால் மட்டும் குளோசப்பை முதலில் எடுத்துவிடுங்கள். நாலாவது டேக்கில் அந்தக் கண்ணீர் வராது.

கேள்வி: 30,000 ரூபாய்க்குள் எந்த கேமரா வாங்கலாம்?

பதில்: கையில் இருக்கும் போன் போதும். பணத்தை மைக்கில் போடுங்கள். ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) இரண்டையும் ஆட்டோவில் விடாதீர்கள். ஷாட்டுக்கு ஷாட் முகத்தின் நிறம் மாறும்.

கேள்வி: ட்யூப்லைட்டில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறது.

பதில்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட ட்யூப்லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். இங்கேயும் ஆட்டோதான் வில்லன்.

கேள்வி: பேசும் இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டுக்கு ஒரே பக்கம்தான் கேமரா இருக்க வேண்டும் என்கிற 180 டிகிரி விதியெல்லாம் பழசு. ஜப்பானிய இயக்குநர் ஓஸுவே கோட்டைத் தாண்டியிருக்கிறாரே?

பதில்: தாண்டினார், படம் முழுக்கத் தாண்டினார். ஆனால் கேமராவைத் தாழ்வாக, பெரும்பாலும் அசையாமல் வைத்தார். 50 மில்லிமீட்டர் லென்ஸையே விரும்பினார். இரு பக்க ஷாட்டிலும் ஆள் ஒரே அளவில், ஒரே இடத்தில் இருப்பார். கோட்டுக்குப் பதிலாக இன்னொரு ஒழுங்கை அவர் கொடுத்ததால் பார்ப்பவருக்குக் குழப்பம் இல்லை. நீங்கள் அனுப்பிய காட்சியில் லென்ஸ் வேறு, உயரம் வேறு, இருவருக்கும் ரைட் லுக், அதாவது இருவர் பார்வையும் திரையின் வலப்பக்கமே போகிறது. இருவரும் மூன்றாவது ஆளிடம் பேசுவதுபோல் இருக்கிறது.

அவரே மறுபடியும்: விதி போட்டால் படைப்பு எப்படி வளரும்?

பதில்: ஒரு கேமராவில் எடுக்கும்போது எதிரெதிர் ஷாட்களுக்கு நடுவே மணிக்கணக்கில் இடைவெளி இருக்கும். சில சமயம் எதிர் நடிகர் அன்றைக்கு ஊரிலேயே இருக்க மாட்டார். அவர்கள் ஒரே மேசையில் இருப்பதாக நம்ப வைப்பது லுக் மட்டும்தான். தெரிந்தே தாண்ட வேண்டும் என்றால் கேமராவை நகர்த்தியபடி, ஷாட் ஓடும்போதே தாண்டுங்கள். அல்லது நடுவில் கோட்டின் மேலேயே ஒரு ஷாட் வையுங்கள்.

இன்னொருவர்: நடுவில் மூன்றாமவர் வந்து உட்கார்ந்தால் கோடு எது?

பதில்: நல்ல கேள்வி. அந்த நொடியில் யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார்களோ, அவர்களுக்கு நடுவேதான் கோடு. பேசுபவர் தலையைத் திருப்பி மூன்றாமவரைப் பார்ப்பதை ஷாட்டிலேயே காட்டுங்கள், கோடு அவரோடு மாறிவிடும். காட்டாமல் வெட்டினால் குழப்பம்தான்.

கேள்வி: 50,000 ரூபாய்க்கு எந்த கேமரா நல்லது?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். மைக் வாங்குங்கள்.

கேள்வி: ஒவ்வொரு வெட்டிலும் பின்னணிச் சத்தம் குதிக்கிறது.

பதில்: ரெக்கார்டிங் லெவலும் ஆட்டோவில் இருந்திருக்கும், அணையுங்கள். கிளம்பும் முன் எல்லோரும் பேசாமல் நிற்க, அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். எடிட்டில் காட்சி முழுவதற்கும் அடியில் அதை ஓட விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.