எச்டி சேனல் பாக்க டிவி வாங்கணும், எச்டி ரெடியா ஃபுல் எச்டியா 4கேவா?

ஊர்ல அப்பா அம்மாவுக்கு பழைய பொட்டி டிவிய எடுத்துட்டு எல்இடி டிவி வாங்கித் தரணும், சன், விஜய் எல்லாம் எச்டில தெரியணும், ஹால் பத்துக்குப் பன்னெண்டு, கடைக்காரர் 4கே தான் எடுக்கணும்ங்கறார், என்ன பண்ணனு கேட்டிருக்கீங்க.

டிவிய விடுங்க, மொதல்ல அந்த வீட்டுல இருக்கற செட்டாப் பாக்ஸ் எஸ்டியா (பழைய சாதா தெளிவு) எச்டியானு பாருங்க. பாக்ஸ்ல எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கா, இல்ல மஞ்சள் சிவப்பு வெள்ளைனு மூணு வயர் மட்டும் தானா? அந்த மூணு வயர்ல எச்டி வராது, எவ்ளோ பெரிய டிவி மாட்டுனாலும் வராது. எங்க சித்தப்பா வீட்டுல 43 இன்ச் 4கே வாங்கி மாட்டிட்டு "பழைய டிவியே தெளிவா இருந்துச்சுடா"னு போன் பண்ணாரு, போய் பாத்தா லோக்கல் கேபிள்ல எப்பவோ குடுத்த எஸ்டி பாக்ஸ், அதே மூணு வயரு. அவரு சொன்னதுல பொய்யும் இல்ல, நெஜமாவே பழைய டிவியில தான் நல்லா தெரிஞ்சிருக்கும்.

ஏன்னு சொல்றேன். நம்ம ஊரு எஸ்டி சேனல்ல ஒரு படம்ங்கறது அதிகபட்சம் 720க்கு 576 புள்ளி. எச்டி சேனல் 1920க்கு 1080, அதாவது சரியா 5 மடங்கு, ஃபுல் எச்டி டிவியோட பேனலும் இதே அளவு தான். 4கே டிவியோட பேனல் 3840க்கு 2160, கணக்கு போட்டுப் பாருங்க எஸ்டிய விட 20 மடங்கு வரும். அப்போ 4கே டிவியில எஸ்டி சேனல் ஓடுனா, திரையில தெரியற 20 புள்ளில 1 தான் சேனல்காரன் அனுப்பினது, மிச்சம் 19 டிவியே குத்துமதிப்பா ஊகிச்சுப் போடுறது. எச்டி சேனல் வச்சாலும் 4ல 3 டிவியோட ஊகம் தான், ஏன்னா சன், விஜய், ஜீ தமிழ் எதுவா இருந்தாலும் எச்டினா 1080 வரி, அதுவும் இன்டர்லேஸ்டு, ஒரு தடவைக்குப் பாதி வரினு செகண்டுக்கு 50 தடவை மாத்தி மாத்தி வரும், டிவி தான் அத ஒழுங்கா சேத்துக் காட்டணும். சேக்கறது விலை கம்மியான டிவியில சரியா இருக்காது, கிரிக்கெட்ல பந்து வால் முளைச்ச மாதிரி போறது பாதி இதனால தான்.

அடுத்து தூரம். பத்துக்குப் பன்னெண்டு ஹால்னா சோபாவுல இருந்து டிவிக்கு 8, 9 அடி இருக்கும்னு வச்சுக்கலாம். சாதாரண கண் பார்வைக்கு ஒரு கணக்கு இருக்கு, 43 இன்ச் ஃபுல் எச்டியில தனித்தனி புள்ளி தெரியணும்னா கிட்டத்தட்ட ஐந்தரை அடிக்குள்ள உக்காரணும். 55 இன்ச்சுக்கு 7 அடி. 9 அடில உக்காந்துட்டு 43 இன்ச்ல ஃபுல் எச்டியா 4கேவானு கண்டுபுடிக்கவே முடியாது, அதுவும் கண்ணாடி போட்ட அப்பாவுக்கு சத்தியமா முடியாது. சின்ன ரூம்ல 32 இன்ச் போதும்னா எச்டி ரெடியே தாராளம், அது 1366க்கு 768, 6 அடிக்கு அப்பால வித்தியாசம் தெரியாது.

அதனால என் ஓட்டு 43 இன்ச் ஃபுல் எச்டி. முன்னாடி 32க்கு மேல போனா ஜிஎஸ்டி 28 சதவீதம், 2025 செப்டம்பர்ல இருந்து எல்லா சைசுக்கும் 18 தான், அதனால 32ல இருந்து 43க்கு ஏறறது முன்ன மாதிரி உறைக்காது. ஒரு விஷயம், நல்ல கம்பெனிக்காரங்க இப்பல்லாம் நல்ல பேனல், நல்ல ப்ராசஸர் (மேல சொன்ன ஊகிக்கறது, சேக்கறதெல்லாம் செய்யற சிப்) ரெண்டையும் பெரும்பாலும் 4கே மாடலுக்குத் தான் போடுறாங்க. கொஞ்சம் காசு கூடக் குடுக்க முடியும்னா அந்த 4கேவ எடுங்க, புள்ளிக்காக இல்ல, அந்த ப்ராசஸருக்காக. 50, 55 போனா எப்படியும் 4கே தான் கெடைக்கும். பேர் தெரியாத கம்பெனி 4கேக்கும் பேர் தெரிஞ்ச கம்பெனி ஃபுல் எச்டிக்கும் விலை ஒண்ணுனா யோசிக்காம ரெண்டாவது.

அட்டைப்பெட்டில "4கே சப்போர்ட்", "ஃபுல் எச்டி சப்போர்ட்"னு போட்டிருந்தா உஷார். அந்த சிக்னல வாங்கிக்கும்னு தான் அர்த்தம், பேனல் 1366க்கு 768ஆவே இருக்கலாம், சுருக்கிக் காட்டும். பேனல் ரெசல்யூஷன்னு பொடி எழுத்துல இருக்கற நம்பர மட்டும் நம்புங்க. அதே மாதிரி சில மலிவு ஸ்மார்ட் டிவியில வைட்வைன் எல்1 சான்று (படத்தக் காப்பியடிக்க முடியாம பூட்டி வைக்கற பாதுகாப்பு) இருக்காது, அதுல நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி ஓடிடி ஆப் பலதும் எச்டிக்குப் போகாது, எச்டி பேனல் இருந்தும் படம் மங்கலா தான் வரும். டிவிக்குள்ளயே டியூனர் இருக்கு பாக்ஸே வேணாம்னு எவனாவது சொன்னா சிரிச்சுட்டு வந்துருங்க, கேபிளோ காசு கட்டற டிடிஎச்சோ சேனல் எல்லாம் பூட்டு போட்டு வருது, தொறக்க பாக்ஸ் வேணும்.

கடைல ஓடற மீனு, கிளி, பூ வீடியோ எல்லாம் பென்டிரைவ்ல இருந்து ஓடற அசல் 4கே, அதுல எந்த டிவியும் அழகா தான் இருக்கும். ஒரு நியூஸ் சேனல் போடச் சொல்லுங்க, கீழ ஓடற எழுத்து வழுக்கிட்டு போகுதா இல்ல குதிச்சு குதிச்சு போகுதானு பாருங்க. பிக்சர் மோட் விவிட்ல இருக்கறத ஸ்டாண்டர்டுக்கு மாத்தச் சொல்லுங்க. முக்கியமா பக்கவாட்டுல போய் நின்னு பாருங்க, அம்மா அடுப்படி வாசல்ல இருந்து தான் பாதி சீரியல் பாப்பாங்க, அங்க இருந்து கலர் வெளுத்துப் போனா அவங்களுக்கு அந்த டிவி பிரயோஜனம் இல்ல. ஐபிஎஸ் பேனல்னா சைடுல நல்லா தெரியும், கருப்பு கொஞ்சம் சாம்பலா இருக்கும். விஏ பேனல்னா கருப்பு கருப்பா இருக்கும், ஆனா நேரா உக்காரணும். ஸ்பீக்கர் எல்லாத்துலயும் சுமார் தான், அதுக்காக மண்டைய ஒடச்சுக்காதீங்க.

மாட்டினதும் பாக்ஸ் செட்டிங்ல போய் அவுட்புட் 1080 இருக்கானு பாருங்க, சில பாக்ஸ் 576லயே கெடக்கும். டிவியில பிக்சர் சைஸ ஜஸ்ட் ஸ்கேன் இல்லனா ஸ்கிரீன் ஃபிட்னு வைங்க, இல்லனா ஓரத்த வெட்டிட்டு மிச்சத்த இழுத்துக் காட்டும், எச்டி எடுத்ததே வீண்.

கடைசியா பேக்கேஜ். எச்டி சேனலுக்கு தனி விலை, 2019ல ட்ராய் (டிவி, போன் சேவைய ஒழுங்குபடுத்தற ஆணையம்) புது கட்டணம் கொண்டு வந்தப்போ சேனல் எண்ணிக்கைல ஒரு எச்டிய ரெண்டு எஸ்டி கணக்குல வேற வச்சாங்க, அதனால எல்லாத்தையும் எச்டில போட வேணாம், அவங்க டெய்லி பாக்கற நாலஞ்ச மட்டும் போடுங்க. போட்டதும் அதே சேனலோட எஸ்டிய பேக்கேஜ்ல இருந்து கண்டிப்பா தூக்கிருங்க. காசு மிச்சம்ங்கறது ஒரு பக்கம், எச்டிக்கு நம்பர் வேற, அப்பா கை பழக்கத்துல பழைய நம்பரையே அழுத்தி எச்டிக்குக் காசு கட்டிட்டு எஸ்டியே பாத்துட்டு இருப்பாரு. எஸ்டிய தூக்கிட்டா "சேனல் வரல"னு உடனே உங்களுக்கு போன் வரும், அப்போ புது நம்பர சொல்லிக்கலாம்.