போரை எதிர்ப்பதாகச் சொல்லும் பாராளுமன்ற உறுப்பினர்கள் போர் நிதிக்கு ஆதரவாக வாக்களிப்பது ஏன்?

போரைப் பற்றிய எண்ணம் மாறுவதால் வாக்கு மாறுவது அரிது என்பதே என் அபிப்பிராயம். தன் வாக்கு இல்லாமலே சட்டமூலம் நிறைவேறிவிடும் என்று தெரிந்தால் எவரும் துணிந்து எதிர்க்கலாம். தன் வாக்கினால் அது தோற்கக்கூடும் என்ற நிலை வரும்போதுதான் உறுப்பினர் தடுமாறுகிறார்.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 2009ஆம் ஆண்டு நடந்தது இதற்குத் தெளிவான உதாரணம். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்கான மேலதிக நிதி மே மாதத்தில் 368க்கு 60 என்று இலகுவாக நிறைவேறியபோது, ஆளும் ஜனநாயகக் கட்சியினர் 51 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். பின்னர் சர்வதேச நாணய நிதியத்துக்கான கடனுதவியும் அதே சட்டமூலத்தில் சேர்க்கப்பட்டது. அதைக் காரணம் காட்டிக் குடியரசுக் கட்சியினர் ஏறக்குறைய முழுவதுமாக விலகிக்கொள்ள, ஜூன் மாதத்தில் சொந்தக் கட்சியின் வாக்குகளே தேவைப்பட்டன. தங்கள் கட்சியின் புதிய ஜனாதிபதி ஒபாமாவைக் கைவிடலாமா என்ற கேள்வி முன்னே நின்றது. 51 ஆக இருந்த எதிர்ப்பு 32 ஆகச் சுருங்கியது. சட்டமூலம் 226க்கு 202 என்று தப்பியது. இடைப்பட்ட ஒரு மாதத்தில் போரில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை.

இலங்கையில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். பாதுகாப்புக்கு 166 பில்லியன் ரூபாய் ஒதுக்கிய 2008ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் இரண்டாம் வாசிப்பு, 2007 நவம்பரில் 118க்கு 102 என்று நிறைவேறியது. அப்போது ஜே.வி.பி. எனப்படும் மக்கள் விடுதலை முன்னணி எதிர்த்து வாக்களித்தது. டிசம்பரில் முஸ்லிம் காங்கிரஸ் அரசாங்கத்தை விட்டு விலகியதும் தோல்வி உண்மையிலேயே சாத்தியமாகத் தெரிந்தது. அரசாங்கத்தை எதிர்த்தாலும் போரை ஆதரித்துவந்த ஜே.வி.பி., டிசம்பர் 14ஆம் திகதி இறுதி வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. முடிவு 114க்கு 67.

இதுவரை சொன்னதெல்லாம் கணக்கு. மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதை எழுதும் நான் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே வாக்கெடுப்புக்கு முந்திய நாட்களில் எங்கள் மாவட்டத்துத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உறுப்பினர் சிலரின் உறவினர்கள் கடத்தப்பட்டார்கள். வரவு செலவுத் திட்டத்தை எதிர்த்து வாக்களிக்கக் கூடாது என்பதே விடுக்கப்பட்ட நிபந்தனை. அந்த உறுப்பினர்கள் வாக்களிக்கவில்லை. அப்போது இங்கே எவரும் அவர்களைக் குறைகூறி நான் கேட்டதில்லை; வீட்டில் ஆள் காணாமல் போவது என்றால் என்னவென்று இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

225 பேர் கொண்ட சபையில், அறிவிக்கப்பட்ட அந்த இரண்டு எண்களிலும் அடங்காதவர்கள் 44 பேர். கணக்குப் பார்த்து ஒதுங்கிக்கொண்டவர்களும், உறவினரின் உயிருக்கு அஞ்சி ஒதுங்கியவர்களும் அந்த 44க்குள் ஒன்றாகவே எண்ணப்பட்டிருக்கிறார்கள்.