வெளிநாட்டில் உளவியல் படித்தால் அங்கேயே உளவியலாளராக வேலை பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் பட்டம் மட்டும் போதாது. உரிமம் என்று ஒன்று வேண்டும், அதாவது ‘இவர் இங்கே ஆட்களைப் பார்த்துச் சிகிச்சை தரலாம்’ என்ற அனுமதி. பட்டம் தருவது பல்கலைக்கழகம், உரிமம் தருவது வேறு அமைப்பு; பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

மனசு எல்லா ஊரிலும் ஒன்றுதானே, ஏன் இவ்வளவு கெடுபிடி என்று தோன்றும். ஒரு அறிவுத்திறன் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள், குழந்தை எத்தனை கேள்விக்குச் சரியாகச் சொன்னது என்பதோடு முடிவதில்லை, அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பெண் போடுகிறார்கள், ஒப்பிடும் அட்டவணை நாட்டுக்கு நாடு மாறலாம், அது மாறினால் முடிவும் மாறும். அப்புறம், சிகிச்சைக்கு வந்து எதிரில் இருப்பவர் யாரையோ தாக்கப்போவதாகச் சொன்னால் அதை ரகசியமாக வைக்கலாமா, தெரிவிக்க வேண்டுமா? அதற்கும் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. இடப்பக்கம் கார் ஓட்டிப் பழகியவர் வலப்பக்கம் ஓட்டும் ஊருக்குப் போன மாதிரி, கை பழகியிருக்கும், கண் தப்பான பக்கம் பார்க்கும்.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் முனைவர் பட்டம், மேற்பார்வையில் வேலை பார்த்த மணிநேரங்கள், உளவியலாளர் உரிமத்துக்கான இ.பி.பி.பி. தேர்வு மூன்றும் கேட்பார்கள். பிரிட்டனில் ஒரு வேடிக்கை: வெறும் ‘உளவியலாளர்’ என்று யாரும் போட்டுக்கொள்ளலாம், ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ (மருத்துவ உளவியலாளர்) என்று போட, சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் எச்.சி.பி.சி. அமைப்பில் பதிவு கட்டாயம். கட்டணம் கட்டும் முன்பே, நீங்கள் சேரப்போகும் படிப்பை உரிமம் தரும் அமைப்பு ஏற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

உரிமம் இல்லாவிட்டால் படிப்பே வீண் என்று சிலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. ஆராய்ச்சி, மனிதவளம் போன்ற வேலைகளுக்குப் பெரும்பாலும் உரிமம் கேட்பதே இல்லை.